மூன்று பிளஸ்

மாங்குளம் ஆஸ்பத்திரியில்
என் அறைக்கு வருவதெல்லாம் மூடியே வரும்.
யோகட் கப், தீப்பெட்டி,
ஒருமுறை வாழையிலையில் பொதிந்து நாரால் கட்டி,
கோயிலுக்குக் கொண்டுபோகும் பக்குவத்தில்.
தருகிறவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அம்பகாமத்துச் சிவரூபி நீட்டியது
ஒரு பால்மா டின். முக்கால் நிறைய.
"காணுமே மிஸ்?"
கடுகளவு போதும் என்று சொல்ல மனம் வரவில்லை.
சீட்டில் டொக்டரின் கிறுக்கல்:
கபிலாசன், ஆறு வயது,
ஹீமோகுளோபின் ஆறு தசம் ஒன்று,
மண் தின்கிறான்.

எந்த மண் என்று கேட்டேன்.
"மழை பெய்தாப் பிறகு அடுப்படிச் சுவர்.
வேற மண் தொடமாட்டான்."
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது அந்தக் குரல்.

ஒரு துளி உப்புநீர்,
ஈர்க்கு நுனியால் ஒரு தொடுகை, மேலே மெல்லிய கண்ணாடி.
லென்சில் முதலில் தெரிவது
அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதுதான்:
கீரை நரம்பு, மாப்பொருள், மிளகாய்த் தோல்.
ஒரு குடும்பத்தின் நேற்றிரவு.
பிறகு முட்டைகள்.
பளிங்கு ஓடு, உள்ளே நான்கு உருண்டை.
கொக்கிப்புழு.
ஒன்று என்று எண்ணத் தொடங்கி
நாற்பதில் விட்டுவிட்டேன்.

பாதத்தால் ஏறும்.
விரலிடுக்கில் ஒரு கடி,
சேற்றுப்புண் என்று சொறிந்துவிடுவோம்.
இரத்தத்தோடு இதயம், அங்கிருந்து நுரையீரல்,
தொண்டைவரை வந்து
ஒரு விழுங்கலில் குடலுக்குள் இறங்கிப்
பல்லூன்றிக்கொள்ளும்.
ஊர் ஊராய் ஓடியவர்களுக்கு
இந்தப் பாதையை விளக்கும்போது
ஏதாவது ஒப்புமை சொல்ல நாக்கு எழும்.
சொல்வதில்லை.
புழு தான் போகுமிடம் தெரிந்தே போகிறது.

கக்கூஸ் இருக்கா என்றேன்.
இருக்கு.
வீட்டுத்திட்டத்தின் முதல் காசுக்கு அது எழும்பியது.
இரண்டாம் காசு இன்னும் வரவில்லை, வீடு தகரம்.
பூட்டுப்போடக் கதவுள்ள ஒரே இடம் அதுதான்.
ஆகவே அதற்குள்
விதைநெல் இரண்டு மூட்டை, யூரியா,
காணி உறுதி வைத்த பெட்டி.
"யானை வந்தாலும் அதுக்குள்ள தலை போடாது மிஸ்."
எல்லாரும் பற்றைக்குத்தான்.
பற்றைப் பாதையில்தான் பிள்ளை விளையாடுகிறான்.

அவன் அதுவரை மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றான்.
நகங்கள் கஞ்சியின் நிறம்.
ஸ்டூலில் ஏற்றி லென்சைக் காட்டினேன், சட்டப்படி கூடாது.
மூச்சை அடக்கி நெடுநேரம் பார்த்தான்.
"முட்டையெண்டா தாய் எங்க?"
"உன்ர வயித்துக்குள்ள."
சட்டையை உயர்த்தித் தொப்புளைப் பார்த்தான்.
"அதுக்கும் பசிக்குமா?"
சிவரூபி அப்போதுதான் அழுதாள்.

மூன்று பிளஸ் போட்டேன்.
அதற்குமேல் போட வழக்கமில்லை.
நெல் மூட்டைக்கு வேறு இடம் தேவை என்று
கீழே எழுதக் கை போனது,
அச்சடித்த சீட்டில் அதற்குக் கட்டமில்லை.
பூச்சிக் குளிசை, இரும்புக் குளிசை.
பி.எச்.ஐ. டெஸ்மனுக்குப் போன் எடுத்தேன்.
பார்ப்போம் என்றார்.
அவருடைய மோட்டார்சைக்கிளுக்குப் பெற்றோல் கிடைக்காத மாதம் அது.

ஐப்பசி மழைக்குப் பிறகு மறுபடி வந்தார்கள்.
இந்தமுறை தீப்பெட்டி.
மூன்று தகடு பார்த்தேன். கீரை நரம்பு, கீரை நரம்பு.
"ஒண்டுமில்லை" என்றேன்.
கபிலாசன் முகம் விழுந்துபோனது,
வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவன்போல.

என் கதவில் என் கையெழுத்தில் ஓர் அறிவித்தல்:
பாதணிகளைக் கழற்றி வெளியே விடவும்.
எழுதி ஏழு வருடம்.
கழற்ற எதுவுமில்லாமல் அதைக் கடந்து வந்த கால்களை
நான் எண்ணியதில்லை.

அவன் கையில் புதுச் செருப்பு,
ஒரு சைஸ் பெரிது.
பஸ்ஸால் இறங்கினதிலிருந்து கையில்தானாம்.
"எழுதியிருக்கெல்லோ" என்று கதவைக் காட்டினான்.
எழுத்துக்கூட்டி வாசித்தும் காட்டினான்,
பா, த, ணி.
நிலத்தில் அவன் நின்ற இடத்தில்
ஈரம் காயாத செம்மண்.